கால்நடை மருத்துவரும் கால்நடை உடையோரும்: சச்சரவு பிறக்கும் இடம்

(ஊராட்சி உறுப்பினர்களும் விவசாயிகளும் கூடியிருந்த கூட்டத்தில் ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரை)



கறவை மாட்டின் தீவனத்தைப் பற்றியோ கொட்டகை அமைப்பதைப் பற்றியோ பேசுமாறு அழைத்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். உங்கள் தலைவர் கொடுத்த தலைப்போ சற்றுச் சங்கடமானது. மாட்டு டாக்டருக்கும் மாடு வைத்திருப்பவருக்கும் ஏன் சண்டை வருகிறது என்று சொல்லுங்கள் என்றார். முப்பது ஆண்டுகளுக்கு மேல் மருந்துப் பையைத் தூக்கிக்கொண்டு தொழுவம் தொழுவமாக அலைந்தவன் நான். அத்தகைய சண்டைகளில் நானே ஒரு கட்சிக்காரனாக நின்றதும் உண்டு. ஆகவே பிறர் குற்றத்தை எடுத்துரைக்கும் முன், என் குற்றமும் கலந்த ஒரு நிகழ்ச்சியைக் கூறிவிடுகிறேன். ஊர்ப்பெயர் வேண்டாம்.

நான் பணியில் சேர்ந்து இரண்டாவது ஆண்டு. மாலை வேளையில் ஓர் இளைஞன் மிதிவண்டியில் ஓடிவந்தான். முந்திய இரவு கன்று ஈன்ற பசு எழுந்திருக்கவில்லை என்றான். போய்ப் பார்த்தேன். மூன்றாவது ஈற்று, நல்ல கறவை. தலையைத் திருப்பி விலாவின்மேல் சாய்த்துக்கொண்டு படுத்திருந்தது. காதுகள் சில்லிட்டிருந்தன. பால் சுரம் என்பதில் ஐயமில்லை. கன்று ஈன்றவுடன் பால் பெருகிச் சுரக்கும்போது, இரத்தத்திலுள்ள சுண்ணாம்புச் சத்து திடீரெனப் பாலுக்குப் போய்விடுகிறது. அதனால் தசைகள் சோர்ந்து மாடு விழுந்துவிடுகிறது. பெயரில் சுரம் இருப்பினும் உடம்பில் சூடு இராது. கால்சியம் கரைசலைக் கழுத்து நரம்பில் ஏற்றினால், சாகக் கிடந்த மாடு சிறிது நேரத்தில் எழுந்து நின்று சாணம் போடும். எங்கள் தொழிலில் இதைவிட மகிழ்ச்சி தரும் காட்சி வேறில்லை.

ஆனால் அன்று அக்காட்சியைக் காணும் பேறு எனக்குக் கிட்டவில்லை. புட்டியில் பாதி இறங்கும் முன்பே மாடு நடுங்கிற்று, ஒரு முறை அலறிற்று, கால்களை நீட்டிவிட்டது. ஊசி கழுத்திலேயே இருந்தது.

அவ்வீட்டாருக்கு அந்த மாட்டின் பாலே வருவாய். அதன் பேரில் வாங்கிய கடன் பாதிக்கு மேல் நின்றது. "ஊசி போட்டுக் கொன்றுவிட்டான்" என்று வீட்டம்மாள் தலையில் அடித்துக்கொண்டார். கூட்டம் சேர்ந்தது. என் மிதிவண்டியைப் பிடுங்கி வைத்துக்கொண்டார்கள். ஊர்ப் பெரியவர் ஒருவர் வந்து, விடியட்டும், செத்த மாட்டை வைத்துக்கொண்டு இரவில் வழக்குப் பேசக்கூடாது என்று கூறிக் கூட்டத்தைக் கலைத்தார். அன்று என்னைக் காத்தவர் அவர்தான்.

காலையில் மற்றொரு மருத்துவர் வந்து உடலை அறுத்துப் பார்த்தார். குறிப்பாக ஒன்றும் தென்படவில்லை. இரத்தத்தில் கால்சியம் மிஞ்சிப்போனதைக் கத்தி காட்டாது. அதைக் காட்டியது அவ்வீட்டின் ஏழு வயதுச் சிறுமி. "நேற்று மத்தியானம் வந்த மாமாவும் இதே மாதிரி பாட்டிலைத்தான் ஏற்றினார்" என்று அவள் சொன்னாள். வைக்கோற்போரின் பின்புறம் காலிப் புட்டி கிடந்தது. பக்கத்து ஊரில், பட்டமோ பயிற்சியோ இல்லாமல் வைத்தியம் செய்துவந்த ஒருவரை நண்பகலில் அழைத்து ஒரு புட்டி முழுவதையும் ஏற்றியிருக்கிறார்கள். கால்சியத்தை நரம்பில் மிக மெதுவாக, இதயத் துடிப்பைக் கேட்டுக்கொண்டே ஏற்றவேண்டும். விரைந்து ஏற்றினாலும் அளவு மிஞ்சினாலும் இதயம் நின்றுவிடும். முதற்புட்டியைத் தாங்கிய இதயம் இரண்டாவதைத் தாங்கவில்லை.

பிறகு நான் அப்பெரியவரிடம், இதை ஏன் என்னிடம் மறைத்தார்கள் என்று ஆத்திரத்துடன் கேட்டேன். அவர் சொன்ன விடையை இன்றும் மறக்கவில்லை. "போன மாதம் மேலத்தெருவில், வேறு ஆளிடம் காட்டிவிட்டு வந்ததற்காக ஒருவனை நாலு பேர் முன்னிலையில் திட்டி, மாட்டைத் தொடாமலே திரும்பிப் போனீர்களே தம்பி, இவர்கள் எப்படிச் சொல்லுவார்கள்?" என்றார். உண்மைதான். போகட்டும், நானாவது கேட்டேனா? இதற்கு முன் ஏதாவது மருந்து கொடுத்தீர்களா என்னும் ஒரு கேள்வியைக் கேட்டிருந்தால் அம்மாடு பிழைத்திருக்கலாம். நான் கேட்கவில்லை, அவர்கள் சொல்லவில்லை. மருத்துவருக்கும் மாட்டுக்காரருக்கும் உண்டாகும் சச்சரவுகளில் பெரும்பாலானவை மருந்தால் விளைவன அல்ல. ஊசி போடுவதற்கு முன் சொல்லப்படாமற்போன சொல்லால் விளைவன என்பதே என் அனுபவம்.

நம் மக்கள் மறைப்பது வஞ்சகத்தால் அன்று. பெரும்பாலும் வெட்கத்தாலும் அச்சத்தாலுமே. பொங்கலுக்கு மறுநாளும், கல்யாணங்கள் மிகுந்த மாதங்களிலும் வயிறு நிறைந்து படுத்துவிட்ட மாடுகள் மருந்தகத்துக்கு வரும். மிஞ்சிய சோற்றையும் பொங்கலையும் பாசத்தோடு அண்டா அண்டாவாக வைத்திருப்பார்கள். மாட்டின் பெருவயிற்றில் மாவுப் பொருள் மிகுதியாகச் சேர்ந்தால் புளித்து அமிலமாகி, உடல் நீர் வற்றி, ஓரிரு நாளில் மாடு இறந்துபோகும். "என்ன தின்றது?" என்றால், "வைக்கோல்தான் ஐயா" என்பார்கள். வைக்கோல் தின்ற மாட்டுக்கு ஒரு வைத்தியம். சோறு தின்ற மாட்டுக்கு வேறு வைத்தியம். பசுந்தீவனம் தின்று உப்பிய வயிற்றுக்கு எண்ணெய் கொடுக்கலாம். சோற்றால் வந்த நோய்க்கோ அமிலத்தை முறிக்கவேண்டும்; முற்றிய நிலையில் வயிற்றைத் திறந்து சோற்றை வெளியே எடுக்கவும் வேண்டும். வாந்தி எடுத்துக் காட்ட மாட்டால் இயலாது. அதற்காகச் சொல்லவேண்டியவர் நீங்கள்தான்.

சோளத்தின் கதையும் இதுவே. இளஞ்சோளத்திலும், வறட்சியில் வாடிய பயிரிலும், அறுத்த தாளில் துளிர்த்த மறுதாம்பிலும் கொடிய நஞ்சு உண்டு. மேய்ந்த சிறிது நேரத்திலேயே மாடு மூச்சுத் திணறி விழும். அதற்கு முறிமருந்து உண்டு. ஆனால் உடனே ஏற்றவேண்டும். மாடு மேய்ந்தது அடுத்தவன் வயலாக இருந்தால் அதைச் சொல்ல நாக்கு எழுவதில்லை. மாடு இறந்த பின்னரோ, வயற்காரன் விஷம் வைத்தான் என்று ஒரு வழக்கு, டாக்டர் கண்டுபிடிக்கவில்லை என்று மற்றொரு வழக்கு.

இவற்றையெல்லாம்விட ஆபத்தான மறைப்பு ஒன்று உண்டு. மாடு எச்சில் ஒழுக நிற்கும், குரல் கம்மிக் கதறும், தீனி விழுங்காது. தொண்டையில் ஏதோ சிக்கியிருக்கிறது, கையை விட்டு எடுங்கள் என்று சொல்லி அழைப்பார்கள். சில வாரங்களுக்கோ சில மாதங்களுக்கோ முன் அதை வெறிநாய் கடித்ததை யாரும் சொல்லியிருக்கமாட்டார்கள். பல சமயம் மறந்தே போயிருப்பார்கள். வெறிநோய் கண்ட மாட்டின் வாயில் கையை விடும் மருத்துவரும், அதற்கு முன்பே கையை விட்டுப் பார்த்த வீட்டாரும் தம் உயிரைப் பணயம் வைக்கிறார்கள். இந்நோய் வெளிப்பட்ட பின் மாட்டுக்கும் மருந்தில்லை, மனிதருக்கும் மருந்தில்லை. எச்சில் பட்டவர்கள் சோப்பும் நீரும் கொண்டு பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு, அன்றே மருத்துவமனைக்குச் சென்று தடுப்பூசி போட்டுக்கொள்ளவேண்டும். அம்மாட்டின் பாலையும் பயன்படுத்தக்கூடாது. இதை மருத்துவர் கூறினால், மாட்டைக் காப்பாற்ற வக்கில்லை, ஊரையே பயமுறுத்துகிறான் என்று ஏசுவோர் உண்டு. ஏசினாலும் பரவாயில்லை, ஊசியைப் போட்டுக்கொள்ளுங்கள்.

எங்கள் தரப்பில் குறை இல்லையென்று நினைத்துவிடாதீர்கள். மருத்துவர்களுக்குப் பேசத் தெரியவில்லை என்பது என் தாழ்மையான அபிப்பிராயம். சென்னையில் கால்நடை மருத்துவக் கல்லூரி 1903-ஆம் ஆண்டிலேயே தோன்றிவிட்டது. நோயையும் மருந்தையும் அங்கே நன்கு கற்கிறோம். மாட்டைப் பிடித்துக்கொண்டு நிற்பவரிடம், "இது பிழைப்பது அரிது, மருந்துக்கு இவ்வளவு ஆகும், செலவு செய்தும் போய்விடலாம், என்ன செய்யட்டும்?" என்று கேட்கக் கற்க நெடுநாள் ஆகிறது. பிழைக்காது என்று தெரிந்தும், வீட்டாரின் முகத்தைப் பார்த்து, பார்க்கலாம் என்று சொல்லிவிட்டுச் சீட்டு எழுதிக் கொடுப்பவர் உண்டு. கடன் வாங்கி ஆயிரக்கணக்கில் மருந்து வாங்கியபின் மாடு இறந்தால், அங்கே கோபம் பிறப்பதில் வியப்பென்ன? அரசு மருந்தகத்தில் இருக்கும் மருந்து செலவின்றிக் கிடைக்கிறது. இல்லாத மருந்தைக் கடையில் வாங்கவேண்டும். எதற்காக வெளியே எழுதுகிறோம் என்று ஒரு வார்த்தை சொல்லாவிட்டால், கடைக்காரனோடு பங்கு என்ற பேச்சுத்தான் எழும். நகரங்களில் நாயும் பூனையும் வளர்ப்போருக்கும் அவற்றின் மருத்துவருக்கும் நடக்கும் வழக்குகளிலும், கட்டணத்தை முன்கூட்டிச் சொல்லாமையே பெரிய காரணம் என்று அங்கே தொழில் செய்யும் நண்பர்கள் கூறுகிறார்கள்.

மடி நோய்க்கு மருந்து ஏற்றியபின் எத்தனை நாள் பாலைச் சங்கத்துக்கு ஊற்றக்கூடாது என்பதைச் சொல்லவேண்டியவரும் மருத்துவரே. அதை அவர் சொல்லாமல் விட்டு, சங்கத்தில் பாலைத் திருப்பினால், மாட்டுக்காரர் யாரை நோவார்? "பழைய வலி ஊசியைப் போட மறுக்கிறார்" என்னும் மனக்குறையும் இதைச் சேர்ந்ததே. டைக்ளோபினாக் என்னும் அம்மருந்தைக் கால்நடைகளுக்குப் பயன்படுத்துவது 2006-இல் தடை செய்யப்பட்டது. அதைப் பெற்ற மாடு இறந்து, அவ்வுடலைத் தின்ற கழுகுகள் சிறுநீரகம் கெட்டு மாண்டன. செத்த மாட்டைத் தின்று தீர்த்துத் தரையைத் தூய்மை செய்துவந்த பிணந்தின்னிக் கழுகுகள், இன்று தமிழ்நாட்டில் நீலகிரி அடிவாரத்து மாயாற்றுப் பள்ளத்தாக்கை ஒட்டியே காணக் கிடைக்கின்றன. இக்காரணத்தைச் சொன்னால் நம் விவசாயி ஏற்றுக்கொள்வார். சொல்லாமல் மறுத்தால், கையாலாகாதவர் என்று எண்ணுவார்.

சினை ஊசிக்கு வருகிறேன். எண்ணிக்கையில் மிகுதியான மனத்தாங்கல் இதிலேதான். மூன்று முறை போட்டும் நிற்கவில்லை, சரக்கு மட்டம், ஆள் சரியில்லை என்பார்கள். சில வேளைகளில் அது மெய்யாகவும் இருக்கும். உறைவிந்துக் குச்சிகள் பூச்சியத்துக்குக் கீழே 196 பாகைக் குளிரிலுள்ள திரவ நைட்ரஜனில் இருக்கவேண்டும். அத்திரவம் குறைந்துபோனாலோ, குச்சியை வெளியே எடுத்துச் சிறிது தாமதித்தாலோ உயிரணுக்கள் செத்துவிடும். ஆயினும் எல்லாம் சரியாக நடந்தாலும், நம் ஊர்களில் ஒரே ஊசியில் சினை பிடிப்பவை நூற்றுக்கு முப்பது, நாற்பது என்ற அளவிலேயே நிற்கின்றன. இதை முதல் நாளே சொல்லிவிட்டால் பாதிச் சண்டை இல்லை. மீதிப் பாதி நேரத்தைப் பொறுத்தது. காலையில் பருவத்துக்கு வந்த மாட்டுக்கு அன்று மாலையிலும், மாலையில் வந்ததற்கு மறுநாட் காலையிலும் ஊசி போடவேண்டும். சந்தைக்குப் போய்வந்து மூன்றாம் நாள் ஓட்டி வந்தால் ஊசி என்ன செய்யும்?

இன்னொன்று; இதைக் கவனித்துக் கேளுங்கள். சினையாக இருக்கும் மாடுகளிலும் சில பருவ அறிகுறி காட்டுவதுண்டு. முன்பு ஊசி போட்டதைச் சொல்லாமல் வேறொருவரிடம் கொண்டுபோய் மீண்டும் போட்டால், வயிற்றிலிருக்கும் கரு கலைந்துபோகலாம். ஆகவே ஊசி போட்ட நாளை ஓர் அட்டையில் எழுதித் தொழுவத்துத் தூணில் தொங்கவிடுங்கள். ஊசி போடுபவர் எழுதித் தராவிட்டால் கேட்டு வாங்குங்கள். ஊசி போட்ட இரண்டு மூன்று மாதங்களில் சினைப் பரிசோதனை செய்வித்து, அதையும் அவ்வட்டையில் குறித்துவிடுங்கள்.

கோமாரித் தடுப்பூசி முகாம் என்றால் மாட்டை விடியற்காலையிலேயே காட்டுக்கு ஓட்டிவிடும் ஊர்களை நான் அறிவேன். பால் குறையும் என்பது அவர்கள் அச்சம். சில மாடுகளில் இரண்டொரு நாள் சிறிது குறைவது உண்மையே. பிறகு பழைய அளவுக்கு வந்துவிடும். ஊசி போட்டதால்தான் கோமாரி வந்தது என்பது மற்றொரு புகார். அம்மருந்தில் இருப்பது செத்த கிருமி. அதனால் நோய் வர வழியில்லை. ஆனால் ஊசி போட்ட அன்றே எதிர்ப்புச் சக்தி வந்துவிடாது. இரண்டு மூன்று வாரம் செல்லும். முன்னரே கிருமி புகுந்திருந்த மாட்டில் அந்த இடைவெளியில் நோய் வெளிப்படும். பழி ஊசியின் மேல் விழும். ஊருக்குள் நோய் வந்தபின் ஓடிவந்து முகாம் கேட்பதைவிட, ஆறு மாதத்துக்கு ஒருமுறை வரும் முகாமுக்கு ஓட்டி வருவதே மேல். வெக்கை நோயை உங்களில் இளையோர் பார்த்திருக்கவே மாட்டீர்கள். மந்தை மந்தையாக வாரிக்கொண்டு போன நோய் அது. 1954-ஆம் ஆண்டில் தொடங்கிய ஒழிப்புத் திட்டத்தின் பயனாக நம் நாட்டை விட்டு அகன்று, 2011-இல் உலகத்தை விட்டே ஒழிந்தது. அன்றும் ஊசிக்கு அஞ்சி மாட்டை ஒளித்தவர்கள் இருந்தார்கள். ஓட்டி வந்தவர்கள் அவர்களைவிட அதிகமாக இருந்தார்கள்.

மாடு இறந்தபின் எழும் சச்சரவுகளே மிகவும் கசப்பானவை. ஊராட்சி தலையிட நேர்வதும் பெரும்பாலும் இவற்றில்தான். இரவில் இறந்த மாட்டை அறுத்துப் பார்க்க மருத்துவர் விடியட்டும் என்பார். அது சோம்பலன்று. உறுப்புகளின் நிற மாறுதலை விளக்கு வெளிச்சத்தில் சரியாகக் காண இயலாது. ஆனால் நம் வெயிலில் உடல் விரைவில் அழுகும். ஆகவே விடிந்த பின் அவர் தாமதிக்கவும் கூடாது.

காப்பீட்டுப் பணத்துக்குச் சான்று வேண்டும். காதுவில்லை இல்லையேல் இழப்பீடு இல்லை என்பது காப்பீட்டு நிறுவனங்களின் பொது விதி. வில்லை எப்போதோ அறுந்து விழுந்திருக்கும். இருந்ததாக எழுதித் தாருங்கள் என்று கெஞ்சுவார்கள், மறுத்தால் பகை. என் வாழ்நாளில் என்னை மிகவும் வருத்திய வேண்டுகோள் இதுதான். ஏழையின் இழப்பு மெய், மாடும் மெய், சான்று மட்டும் பொய்யாக இருக்கவேண்டும் என்றால் மருத்துவர் என் செய்வார்? வில்லை விழுந்த அன்றே தெரிவித்து வேறு வில்லை போட்டுப் பதிந்துகொண்டால் இச்சங்கடமே இல்லை.

சில வேளைகளில், உடலை அறுக்கவே மாட்டேன் என்று மருத்துவர் கூறுவார். நன்றாக இருந்த மாடு திடீரென இறந்து, மூக்கிலும் ஆசனவாயிலும் உறையாத கருங்குருதி கசிந்தால் அடைப்பான் நோய் என்று ஐயுறவேண்டும். அவ்வுடலைத் திறந்தால் கிருமி காற்றுப் பட்டு வித்தாகி, மண்ணில் பல்லாண்டு உயிரோடிருக்கும். அறுத்தவர்க்கும் ஆபத்து; அவ்விடத்தில் மேயும் மாடுகளுக்கும் ஆபத்து. காதிலிருந்து ஒரு துளி இரத்தம் எடுத்து ஆய்வுக்கு அனுப்பினால் போதும். அந்த முடிவைக் காப்பீட்டுக்காரருக்கும் காட்டலாம். தோலை உரிக்காமல், கறியைப் பங்கிடாமல், சுண்ணாம்பு தூவி ஆழப் புதைக்கவேண்டும். இதற்குரிய இடம் ஒதுக்கித் தருவது ஊராட்சியின் பொறுப்பு. இத்தகைய தொற்றுநோய் இருப்பதாக ஐயம் எழுந்தால், உடையவர் கிராம அலுவலரிடமோ ஊராட்சியிடமோ தெரிவிக்கவேண்டும் என்று 2009-ஆம் ஆண்டுச் சட்டமே கூறுகிறது.

அழைத்தவுடன் வருவதில்லை என்னும் குறையைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. ஒரு மருத்துவருக்குப் பல ஊர்கள். கன்று ஈனமுடியாமல் தவிக்கும் மாடு ஓரூரில் இருக்க, பசிக்கவில்லை என்ற ஆடு மற்றோர் ஊரில் இருக்கும். அவசரத்துக்கு 1962 என்னும் எண்ணுக்குப் பேசலாம். பேசும்போது, மாடு படுத்துவிட்டது என்று மட்டும் சொல்லாமல், எத்தனை நாளாக, என்ன தின்றது, சினையா, ஈன்றதா, யார் என்ன மருந்து கொடுத்தார் என்று சொல்லுங்கள். எந்த மருந்தை எடுத்துக்கொண்டு கிளம்புவது என்பதாவது அவருக்குத் தெரியும்.

ஊராட்சி உறுப்பினர்களுக்குச் சில வார்த்தைகள். மருத்துவர் உண்மையிலேயே தவறு செய்திருந்தால் மூடி மறைக்கவேண்டும் என்று நான் கூறவில்லை. அரசு மருத்துவராயின் மண்டல இணை இயக்குநருக்கு எழுதுங்கள். தொழில் ஒழுக்கம் தவறியவர் அரசு மருத்துவராயினும் தனியாராயினும் மாநிலக் கால்நடை மருத்துவ மன்றத்துக்கு எழுதலாம். 1984-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பதிவு பெற்ற மருத்துவரே வைத்தியம் செய்யலாம். பயிற்சி பெற்றவர்கள் அவர் மேற்பார்வையில் சிறு பணிகளைச் செய்யலாம். பதிவில்லாதவர் மேல் அம்மன்றத்துக்கு அதிகாரமில்லை; அவரிடம் மாட்டைக் கொடுத்தபின் நியாயம் கேட்க இடம் தேடித் திரியவேண்டும். புகார் எழுதும்போது மருந்துச் சீட்டு, காலிப் புட்டி, தேதி, நேரம் ஆகியவற்றைச் சேர்த்து வையுங்கள். கூட்டம் கூட்டி வண்டியைப் பிடித்து வைத்தால், அடுத்த மருத்துவரும் உங்கள் ஊருக்கு வர அஞ்சுவார். வந்தாலும் ஆபத்தான மாட்டைத் தொடமாட்டார். பிழைக்கக்கூடிய மாட்டையும் பிழைக்காது என்று சொல்லி விலகிக்கொள்வார். இது நான் கண்ட உண்மை.

முதலிற் சொன்ன அவ்வீட்டுக்கு நான் இழப்பீடு கொடுக்கவில்லை. கொடுக்கும்படி யாரும் தீர்ப்புச் சொல்லவுமில்லை. மேலத்தெருவில் நான் திட்டிய மனிதரிடம் சென்று மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன். இரண்டாண்டு கழித்து அவ்வீட்டார் மற்றொரு பசு வாங்கினார்கள். அது ஈன்ற இரவு அந்த இளைஞன் வந்து கதவைத் தட்டி, மூச்சு வாங்கிக்கொண்டே, "ஐயா, இன்னும் யாரும் எதுவும் கொடுக்கவில்லை" என்றான். நஞ்சுக்கொடி விழவில்லை, அவ்வளவுதான், காலையில் விழுந்துவிட்டது.

மாட்டை நிறுத்திக் கட்டிச் சிகிச்சை செய்வதற்கான கம்பிச் சட்டம் உங்கள் ஊரில் உடைந்து கிடப்பதை வரும் வழியில் பார்த்தேன். அதைச் செப்பனிடும் செலவைப் பற்றித் தலைவரோடு பேசவேண்டியிருக்கிறது. அதற்கு முன் கேள்விகள் இருப்பின் கேளுங்கள்; தெரிந்தவரையில் விடை கூறுகிறேன்.